மூன்று போட்டி மாலைகள்: ஒரு பல்கலைக்கழக நகரில் எங்கள் சபைக் குழு கற்றது

முதல் மாலை முடிந்தபோது என் முன்னால் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. எட்டு அணிகளின் மதிப்பெண்கள் என் கையெழுத்தில் வரிசையாக நின்றன. வென்ற அணி பரிசுப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஏழாவது நிமிடத்தில் வாசலைத் தாண்டிவிட்டது. தோற்றவர்கள் அதற்கும் முன்பே கிளம்பியிருந்தார்கள். "நன்றாக நடந்தது, இல்லையா?" என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். 41 மாணவர்கள் வந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது, படங்களும் எடுத்தாயிற்று. பலகையைத் துடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: எந்த அணிக்கு எத்தனை மதிப்பெண் என்பது நினைவிருந்தது, ஒரு மாணவரின் பெயர்கூட நினைவில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து வேறொரு நாட்டின் பல்கலைக்கழக நகருக்குப் போன குறுகிய கால ஊழியப் பயணம் அது. அதில் மதிப்பெண் பலகைக்குப் பொறுப்பாளன் நான். இந்த ஆய்வை என் கண்ணால் கண்டதையும், திரும்பி வந்தபின் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். மாணவர்களின் அடையாளம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதால் நாடு, நகரம், சபை எதையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

பின்னணி

எங்கள் சபையிலிருந்து ஒன்பது பேர் போனோம். இளையவனுக்கு 21 வயது, மூத்தவருக்கு 58. மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மொத்தம் 12 நாள். அழைத்தது அந்த நகரத்தில் இருக்கும் ஒரு சிறிய சபை. ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வந்தாலே அவர்களுக்குப் பெரிய கூட்டம். பல்கலைக்கழக வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அவர்களுடைய கூடம். இத்தனை அருகில் இருந்தும் மாணவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்ற வருத்தம் அவர்களுக்கு நீண்ட நாளாக இருந்தது. அங்கே படிப்பவர்களில் கணிசமானோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அது முக்கியமாகிவிடும்.

விசா விஷயத்தில் எங்கள் குழுத் தலைவர் கறாராக இருந்தார். சுற்றுலா விசாவில் போய் மத நிகழ்ச்சி நடத்துவதைச் சில நாடுகள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, உள்ளூர் சபையின் அழைப்புக் கடிதத்தோடு முறையாகப் போனோம். குறுகிய கால ஊழியப் பயணம் கிளம்பும் பல குழுக்கள் இதை அலட்சியப்படுத்துகின்றன. நாம் ஊர் திரும்பிவிடுவோம், விசாரணை வந்தால் மாட்டிக்கொள்பவர்கள் அங்கேயே இருக்கும் உள்ளூர் சபையார்.

போட்டி நடத்தலாம் என்பது புதிய யோசனை ஒன்றும் அல்ல. கூடைப்பந்தே அப்படிப் பிறந்ததுதான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் அடங்காமல் திரிந்த 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித்தின் கையில் வந்து சேர்ந்தது. பீச் பழக் கூடைகள் இரண்டை மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். ஜப்பானிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவரும் அவர்களில் இருந்தார். சில ஆண்டுகளுக்குள் அந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் வழியாகச் சீனா வரை போய்விட்டது. கிளம்பும் முன் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லி உற்சாகப்படுத்திக்கொண்ட கதை இது. அதன் பிற்பாதி எங்களுக்குத் தெரியாது. 1939-ல் ஒரு வானொலிப் பேட்டியில் நைஸ்மித்தே அதைச் சொல்லியிருக்கிறார்: முதல் ஆட்டம் அடிதடியில் முடிந்ததாம், கண் வீங்கியவர்களும் தோள்மூட்டு விலகியவனும் உண்டாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்ற விதி வந்த பிறகுதான் மோதல் அடங்கியது. பையன்களும் கூடைகளும் மாறவில்லை, ஒரு விதிதான் மாறியது. இதைப் போகும் முன்பே படித்திருக்கலாம்.

முதல் மாலை

வினாடி வினா நடத்தினோம். மேசைக்கு ஐந்தாறு பேர், யார் யாரோடு வந்தார்களோ அவர்களே அணி. முதல் பரிசு நல்ல ஹெட்போன். சுவரொட்டியில் "விளையாட்டு, பரிசு, அனுமதி இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். சபையின் பெயர் அடியில், முகவரிக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. இப்படிச் செய்ததை அப்போது நாங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தோம்.

கூடம் நிரம்பியது. உள்ளூர் சபையார் ஐந்து பேரும் வாசலில் பெயர் பதிவு செய்வதிலும் பின்னறையில் பாத்திரங்களோடும் இருந்தார்கள். விருந்தாளிகளான நாங்கள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றோம். அந்த நேரத்தில் இது யாருக்கும் வினோதமாகத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றில் "உலகின் மிக நீளமான நதி எது?" என்று ஒரு கேள்வி. என் கையில் இருந்த அட்டை நைல் என்றது. ஒரு மேசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்து, அமேசான் என்றான். புவியியல் மாணவனாம். நைல் 6,650 கிலோமீட்டர் என்று பாடநூல்கள் சொல்வது தனக்கும் தெரியும், ஆனால் 2007-ல் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசானை 6,800 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள், நதி எங்கே தொடங்குகிறது என்பதில் உடன்பாடு வரும்வரை இதற்கு விடையே கிடையாது என்று பொறுமையாக விளக்கினான். அவன் சொன்னது சரி. அட்டையில் இருப்பதுதான் இறுதி என்று நான் சொன்னேன். அவனுடைய அணி இரண்டு மதிப்பெண்ணில் தோற்றது. கைகுலுக்க நான் போனபோது அவன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

அந்தத் தகராறாவது சத்தமாக நடந்தது. சத்தமில்லாமல் நடந்தது அதைவிட மோசம். கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில் வேகமாக வாசிக்கப்பட்டன. அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவர்கள் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். வேறு நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் கேள்வியைப் புரிந்துகொள்ளும் முன் விடை போய்விட்டது. கடைசி மேசையில் ஒரு பெண் இரண்டு மணி நேரமும் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நட்புக்காக என்று அழைத்துவிட்டு, யார் திறமைசாலி, யார் மந்தம் என்பதைப் பலகையில் எழுதிக் காட்டினோம். எழுதியது நான்.

கலையும் நேரத்தில் ஒரு மாணவி குழுத் தலைவரிடம் கேட்டாள்: "இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்?" அவர் ஒரு கணம் தயங்கி, "நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து நடத்துகிறோம்" என்றார். பொய் அல்ல. ஆனால் அவள் முகத்தில், ஏதோ விற்க வந்தவர்களிடம் மாட்டிக்கொண்டவளின் புன்னகை தெரிந்தது.

இரவுக் கூட்டம்

அன்று இரவு நடந்த பரிசீலனைக் கூட்டம் ஜெபத்தில் தொடங்கி வாக்குவாதத்தில் முடிந்தது. பாதிப் பேருக்கு வருகைப் பதிவேடே போதுமானதாக இருந்தது. அப்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு வினாடி வினா ஒன்றும் புரியவில்லை, தம்பி. அதனால் முடிந்ததும் நாற்காலி அடுக்கப் போய்விட்டேன். இரண்டு பிள்ளைகள் வந்து கூட அடுக்கினார்கள். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்." அவர்கள் பெயர், படிப்பு, ஒருத்தியின் தாத்தா மருத்துவமனையில் இருப்பது, மற்றவள் விடுதி அறையில் தூக்கம் வராமல் தவிப்பது எல்லாம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் ஒலிவாங்கியும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு பெறாததை, அவர் முதுகு வலியோடு நாற்காலி தூக்கியே பெற்றிருந்தார்.

ஊர் திரும்பி சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் செய்த ஆய்வைப் படித்தபோது அந்த நாற்காலிகள்தான் நினைவுக்கு வந்தன. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உள்ள ராபர்ஸ் கேவ் பூங்காவில், பதினோரு பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துத் தங்கவைத்தார். பரிசு வைத்துத் தொடர்ந்து போட்டிகள் நடத்தியதும் குழுக்கள் ஒன்றையொன்று வெறுக்கத் தொடங்கின. கொடியை எரித்தார்கள், அறைகளைச் சூறையாடினார்கள். சரி, சமாதானம் செய்வோம் என்று ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால் அதை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். சேர்ந்து பாடுபட்டால்தான் ஆகும் என்ற வேலைகள் வந்தபோதுதான் பகை தணிந்தது. சாப்பாடு வாங்கப் போகும் லாரி கிளம்ப மறுத்தது. இரண்டு குழுவும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து வடம் இழுத்த அதே கயிறு அது. ஷெரிஃபின் ஆய்வைப் பற்றிப் பிற்காலத்தில் கடுமையான விமர்சனங்கள் உண்டு. பையன்களை ஆய்வாளர்களே தூண்டிவிட்டார்கள் என்பது அவற்றில் ஒன்று. இருந்தாலும், போட்டி மாலை நடத்துகிற யாரும் அந்தக் கயிற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அன்று இரவு ஷெரிஃபைப் பற்றி எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளூர் போதகர் வேறொரு காகிதத்தை எடுத்து வந்தார். உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டணியும் ஐந்து ஆண்டுகள் கலந்து பேசி 2011 ஜூனில் சேர்ந்து வெளியிட்ட ஆவணம் அது. பல சமயத்தார் வாழும் உலகில் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. சேவை என்ற பெயரில் பணமோ பரிசோ காட்டி இழுப்பது கூடாது, ஏமாற்று கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. போதகர் எங்களைக் குற்றம் சாட்டவில்லை. ஹெட்போன் பெட்டியின் காலி உறை மேசையில் கிடந்தது, அதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான்கு மாற்றங்கள் முடிவாயின. சுவரொட்டியில் சபையின் பெயர் மேலே, பெரிதாக வரும். "ஆட்டம் முடிந்தபின் எங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்க விரும்புவோர் இருக்கலாம், மற்றவர்கள் தாராளமாகக் கிளம்பலாம்" என்ற வரி சேரும். பரிசு கிடையாது; வென்ற அணி அடுத்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம், ஒவ்வொன்றிலும் எங்களில் ஒருவரோ உள்ளூர் சபையாரில் ஒருவரோ இருப்பார். இந்தக் கடைசி மாற்றத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். நண்பர்களைப் பிரித்தால் மாணவர்கள் வரமாட்டார்கள் என்றான் எங்கள் இளையவன். ஒரு பகுதி அவன் சொன்னபடியே ஆனது.

இரண்டாம் மாலை

27 பேர் வந்தார்கள். சபையின் பெயரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். குறைந்த 14 பேரை நினைத்து வருத்தப்படாமல் இருக்க முடியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைய போட்டி கோபுரம் கட்டுவது. பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கி, டாம் வுஜெக் 2010-ல் ஆற்றிய உரையால் உலகம் முழுக்கப் பரவிய ஆட்டம் இது. வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகள் 20, ஒரு கஜம் ஒட்டும் டேப், ஒரு கஜம் நூல், மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற இனிப்பு ஒன்றே ஒன்று. 18 நிமிடத்துக்குள் தானாக நிற்கும் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். உயரமான கோபுரம் வெல்லும். வணிக மேலாண்மை படித்துப் பட்டம் வாங்கியவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் இதில் நன்றாகச் செய்வார்கள் என்பது வுஜெக்கின் புகழ்பெற்ற கவனிப்பு. பெரியவர்கள் யார் தலைவர் என்று பேசி, திட்டம் வரைந்து, கடைசி நிமிடத்தில் மார்ஷ்மெல்லோவை வைப்பார்கள், எல்லாம் சரியும். குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே அதை மேலே வைத்து வைத்துப் பார்ப்பார்கள்.

ஒன்பது அணிகள். அணிக்கு மூன்று மாணவர், ஒரு சபையார். ஐந்து அணிகளில் உள்ளூர்க்காரர்கள், நான்கில் எங்கள் ஆட்கள். எங்களில் மீதிப் பேர் குச்சி எண்ணிக் கொடுப்பதும் பெருக்குவதுமாக இருந்தோம். என் கையில் அளவு நாடா.

மூன்றாம் மேசையில் ஒரு பொறியியல் மாணவன் எட்டு நிமிடம் காகிதத்தில் படம் வரைந்தான். அழகான படம். அக்கா இருந்த மேசையில், முதல் மாலை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த அதே பெண் இருந்தாள். அவள் எதுவும் பேசவில்லை. மூன்று குச்சிகளை எடுத்துச் சேர்த்து, டேப்பை நகத்தால் கிள்ளிச் சின்னத் துண்டாக்கிச் சுற்றினாள். அதுபோல் மூன்று கட்டு. அவற்றை முக்காலிபோல நிறுத்தி, உச்சியில் மார்ஷ்மெல்லோவைக் குத்தினாள். சாய்ந்தது. பிடுங்கி, ஒரு காலை அகற்றி வைத்தாள். மறுபடி சாய்ந்தது. அக்கா நூலை நீட்டிப் பிடிக்க, மற்ற இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் முறை நின்றது. 17-ஆவது நிமிடத்தில் பொறியியல்காரனின் கோபுரம் மார்ஷ்மெல்லோவின் கனம் தாங்காமல் மெல்லக் குனிந்து, வணக்கம் சொல்வதுபோல் மேசையில் படுத்தது. கூடம் முழுக்க ஒரே சமயத்தில் ஐயோ என்றது, குறைந்தது ஏழு மொழிகளில். அதிகம் சிரித்தது அவன்தான்.

அக்கா அணியின் கோபுரம் 54 சென்டிமீட்டர். அளந்து சொன்னதும் அந்தப் பெண் முதன்முதலாக வாய் திறந்து, என்னிடம் நாடாவை வாங்கித் தானே ஒருமுறை அளந்தாள். என் எண்ணை அவள் நம்பவில்லை. முதல் நாள் நான் செய்ததற்கு அது நியாயமான பதில்.

முடிந்தபின் நாற்காலிகளை அடுக்குவோம் என்று அறிவித்தோம். 19 பேர் இருந்தார்கள். மொழி தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் அன்று வேற்றுமை இல்லாமல் போனது எப்படி என்று பிறகு யோசித்தேன். 1954-ல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் எழுதியதில் பாதி விளக்கம் இருக்கிறது: வெவ்வேறு குழுவினர் சந்தித்தால் மட்டும் போதாது, சம நிலையில் சந்திக்க வேண்டும், பொது நோக்கம் வேண்டும், ஒத்துழைத்தால்தான் நடக்கும் என்ற நிலை வேண்டும், அதற்கு மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். வினாடி வினாவில் இவற்றில் ஒன்றும் இல்லை. முறியும் குச்சிக்கு முன் எல்லோரும் சமம்.

மூன்றாம் மாலை

வென்ற அணி தேர்ந்தெடுத்தது வளாகத்துக்குள் புதையல் வேட்டை. குறிப்புகளை மாணவர்களே எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவன் அந்தப் புவியியல் மாணவன். இரண்டாம் மாலை வராதவன் ஏன் வந்தான் என்று கேட்டேன். "உங்கள் அட்டையைவிட நல்ல கேள்வி எழுத முடியுமா என்று பார்க்கத்தான்" என்றான்.

இந்த ஆட்டத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் கட்டடம் எங்கே, எந்தக் கடிகாரம் நின்றுபோனது, எந்த மரத்தடியில் தேர்வுக்கு முந்தின நாள் எல்லோரும் கூடுவார்கள், எதுவும் தெரியாது. அவர்கள்தான் விருந்து வைப்பவர்கள், நாங்கள் விருந்தாளிகள். நான் பலகையைச் சுமந்துகொண்டு போய் நூலக வாசலில் நிறுத்தினேன்.

பாதி வேட்டையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் இளையவனைக் காணவில்லை. அவன் அணியிலிருந்து பிரிந்து எங்கோ திரும்பியிருக்கிறான், தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஒரு அணி குறிப்புச் சீட்டைப் பையில் போட்டுவிட்டுத் தேடக் கிளம்பியது. செய்தி பரவி மற்ற அணிகளும் சேர்ந்துகொண்டன. மாணவர்கள் வளாக வரைபடத்தை நான்காகப் பிரித்து, யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்தார்கள். நாற்பது நிமிடம். வேதியியல் துறைக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகையில் நனைந்துபோய் நின்றவனைக் கண்டுபிடித்தது அந்தப் பொறியியல்காரன். பலகையில் அன்று ஒரு எண்கூட எழுதப்படவில்லை. மழையில் மை கரைந்து அணிகளின் பெயர்களும் போய்விட்டன.

கூடத்துக்குத் திரும்பி உடை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி அக்காவைக் கேட்டாள்: "தேடும்போது ஜெபம் செய்தீர்களா?"

"செய்தேன். டார்ச்சும் எடுத்துக்கொண்டேன்" என்றார் அக்கா.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் பேச்சு தொடங்கியது. நாங்கள் தயாரித்து வைத்திருந்த பத்து நிமிடச் சாட்சி உரை பையிலேயே இருந்தது. ஜெபத்துக்குப் பதில் வராதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். தாத்தா மருத்துவமனையில் இருந்தவள்தான் அதைக் கேட்டாள். அக்கா தன் கணவர் இறந்ததைப் பற்றிச் சொன்னார், முடிவாக எதையும் சொல்லவில்லை. இரவு பதினொன்று வரை போனது. நம்பிக்கை இல்லாதவர்கள் தங்களுக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கணக்கு

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். மூன்று மாலையும் வந்த மாணவருக்கு எங்களோடு கிடைத்தது பத்து மணி நேரம்கூட இல்லை. பன்னிரண்டு நாளில் வந்து போகிறவர்களால் இந்தக் கணக்கை எந்த ஆட்டம் வைத்தும் நேர் செய்ய முடியாது. அங்கேயே இருப்பவர்களால் முடியும். வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் அத்தேனேயில் மார்ஸ் மேடையில் பேசியது ஒரு நாள். எபேசுவில் திறன்னுவின் வித்தியாசாலையில் தினமும் சம்பாஷித்தது இரண்டு வருஷம். முதலாவதைத்தான் நாம் அதிகம் பிரசங்கிக்கிறோம்.

அப்படியானால் முதல் மாலையில் உள்ளூர் சபையாரைப் பின்னறையில் நிறுத்தியதுதான் எங்கள் மிகப் பெரிய தவறு. ஹெட்போனும் நைல் நதியும் அதற்கு அடுத்தவை. எங்கள் ஒன்பது பேரின் விமானச் செலவில் அந்தச் சபை எத்தனை மாலைகள் நடத்தியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தலை குனிய வேண்டியிருந்தது. இதை உள்ளூர் போதகரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள் என்ற சாக்கு இல்லாவிட்டால் நாங்கள் தொடங்கியே இருக்கமாட்டோம், மாணவர்களும் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்" என்றார். அவர் சொல்வது உண்மையா, மரியாதையா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

நாங்கள் கிளம்பிய வாரத்திலிருந்து அங்கே வியாழன்தோறும் ஆட்ட மாலை நடக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது பத்துப் பன்னிரண்டு பேர் தவறாமல் வருவதாகவும், அவர்களில் இருவர் வேதபாட வகுப்புக்கும் வருவதாகவும் போதகர் எழுதியிருந்தார். தேர்வு மாதத்தில் கூட்டம் நான்காகக் குறைந்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தார். கோபுரம் கட்டிய பெண் படிப்பு முடிந்து ஊர் போய்விட்டாள். பொறியியல்காரன் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வாரம் ஒருமுறை நினைவூட்டிவிட்டு, நாற்காலி அடுக்குவதை மேற்பார்வை செய்கிறானாம்.

மாதம் ஒருமுறை வினாடி வினாவும் உண்டு. கேள்விகளைத் திரையில் இரண்டு மொழிகளில் காட்டி, யோசிக்க ஒரு நிமிடம் கொடுக்கிறார்கள். கேள்வி அட்டைகள் புவியியல் மாணவன் பொறுப்பில். போன மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான்: நான் விட்டுவிட்டு வந்த பழைய அட்டைக் கட்டு, அதில் நதிக் கேள்வியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "நடுவர் நீக்கினார்" என்று அவன் கையெழுத்து.